பேஷண்ட் போர்ட்டலும் சர்க்கரை நோயும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சுகர் என்று தெரிந்ததும் மருத்துவமனையில் மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளும் தருவார்கள். "இந்த லிங்க்கில் போய்க் கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் எல்லாம் அதிலேயே வந்துவிடும்" என்பார்கள். அந்த லிங்க்கில் திறப்பதுதான் பேஷண்ட் போர்ட்டல், நம் மருத்துவப் பதிவை நாமே பார்க்க மருத்துவமனை வைத்திருக்கும் இணையதளம். சிலர் அந்தத் தாளை மடித்து எங்கோ வைப்பதோடு சரி. சிலர் கணக்கைத் தொடங்கி, முதல் ரிப்போர்ட்டிலேயே நாலைந்து இடத்தில் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயந்து, அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறோம், ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், வருடம் முழுக்கச் சேர்த்து ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் சுகரைப் பார்த்துக்கொள்வது நாம்தான், அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று மருத்துவமனைக்குத் தெரியாது. அதேபோல் நம்மைப் பற்றி அங்கே என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நமக்கும் தெரியாது. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைப்பதற்குத்தான் போர்ட்டல். ரிப்போர்ட் பார்க்க மட்டும் அதைத் திறப்பவர்கள் அதன் பயனில் பாதியைக்கூடத் தொடுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

எல்லா மருத்துவமனைப் போர்ட்டலும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால் லேப் முடிவுகள், மருந்துப் பட்டியல், அப்பாயின்ட்மென்ட், மெசேஜ், டாக்டர் எழுதிய குறிப்புகள் ஆகியவை ஏதாவது ஒரு பெயரில் பெரும்பாலும் இருக்கும். கீழே சொல்வது அவற்றை எந்த வரிசையில் தொடுவது என்பதைப் பற்றி.

கணக்கு தொடங்கும்போது

கணக்கு தொடங்கத் தாளில் கொடுத்திருக்கும் ரகசியக் குறியீட்டுக்குக் காலக்கெடு இருக்கும், அதனால் வீட்டுக்கு வந்த அன்றே முடித்துவிடுவது நல்லது. பெயரும் பிறந்த தேதியும் மருத்துவமனைப் பதிவில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் உள்ளே விடாது. சில நேரம் உள்ளே விட்டுவிட்டுக் காலியான பக்கத்தைக் காட்டும். அப்படி நடந்தால் உங்கள் பெயரில் இரண்டு பதிவுகள் இருக்கின்றனவா என்று ரிசெப்ஷனில் கேளுங்கள். பழைய ரிப்போர்ட் ஒரு பதிவிலும் புதியது இன்னொன்றிலும் கிடப்பது அபூர்வமில்லை. இரண்டையும் ஒன்றாக்க அவர்களால்தான் முடியும்.

உங்கள் சொந்த ஈமெயிலையும் செல்போன் எண்ணையும் கொடுங்கள். ஆபீஸ் ஈமெயில் வேண்டாம், வேலை மாறினால் கணக்கும் போய்விடும், அதோடு உங்கள் உடல்நிலை பற்றிய அறிவிப்புகள் அங்கே வந்து விழுவதும் நல்லதல்ல. பாஸ்வேர்டு வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். ஓடிபி கேட்கும் இரண்டாம்கட்டப் பாதுகாப்பு இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்காக நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அம்மாவின் பாஸ்வேர்டை வாங்கி அதிலேயே உள்ளே போவதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் எழுதும் மெசேஜ் அம்மாவே எழுதியதாகப் பதிவாகும், டாக்டரும் நோயாளியே சொல்கிறார் என்று நினைத்துத்தான் பதில் சொல்வார். பெரும்பாலான போர்ட்டல்களில் குடும்பத்தினருக்கென்று தனி அனுமதி வசதி உண்டு. நோயாளி சம்மதித்தால் உங்களுக்குத் தனி லாகின் கிடைக்கும், எதையெல்லாம் பார்க்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்யலாம். பெற்றோர் டாக்டரிடம் மட்டும் சொல்ல நினைக்கிற விஷயங்கள் இருக்கும், பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறோம். டைப் 1 (உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத வகை) உள்ள வளரும் பிள்ளையின் கணக்கு என்றால், ஒரு குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு பெற்றோருக்கான அனுமதி தானாகவே குறைக்கப்படலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை மருந்துப் பட்டியல்

கணக்கு திறந்ததும் எல்லோரும் லேப் பக்கத்துக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் மருந்துப் பக்கத்துக்குப் போங்கள்.

வீட்டில் இருக்கிற மாத்திரை, இன்சுலின், கண் சொட்டு மருந்து எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நிறுத்திய மருந்து இன்னும் பட்டியலில் இருக்கும், மாற்றிய அளவு பழையபடியே இருக்கும், வேறு டாக்டர் கொடுத்தது இருக்கவே இருக்காது. அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும் மருந்தின் உண்மையான பெயர் சின்ன எழுத்திலும் இருக்கும், பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தை. மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்து தனி மாத்திரையாக ஒன்றும், வேறொரு மருந்தோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாக இன்னொன்றும் வேறுவேறு பெயரில் வந்து, இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. டாக்டர் தெரிந்தே அப்படிக் கொடுத்திருக்கலாம், தெரியாமலும் நடந்திருக்கலாம். கேட்டுவிடுவது பாதுகாப்பு. இன்சுலின் இரண்டு வகை போடுகிறவர்கள், நீண்ட நேரம் வேலை செய்வதற்கு எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு முன் போடுவதற்கு எத்தனை யூனிட் என்பது இடம் மாறிப் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

அதே சூட்டில் அலர்ஜிப் பகுதியையும் நோய்களின் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். அதில் சர்க்கரை நோய் டைப் 1 என்று இருக்கிறதா, டைப் 2 (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத வகை) என்று இருக்கிறதா? பெரியவர்களுக்கு வரும் டைப் 1 சில நேரம் டைப் 2 என்று பதிவாகிவிடும். டைப் 1 உள்ளவருக்கு இன்சுலின் அறவே நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. வேறு எதற்கோ ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்து, உங்களைத் தெரியாத டாக்டர் இந்த ஒரு வரியைப் பார்த்து முடிவெடுக்கிற நிலைமை வரும் முன் அதைத் திருத்த வேண்டும்.

சிவப்பு எழுத்தைப் படிப்பது

லேப் முடிவுக்குப் பக்கத்தில் ஒரு எல்லை போட்டிருக்கும், எண் அதைத் தாண்டினால் போர்ட்டல் சிவப்பாக்கிவிடும். அந்த எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்குகிற மாதிரி போடப்பட்டது. அதாவது எந்த நோயும் இல்லாதவர் இருபது விதமான டெஸ்ட் எடுத்தால் ஒன்று சிவப்பாக வருவது சாதாரணம். இன்னொரு பக்கம், சர்க்கரை நோய் உள்ளவருக்கு வைக்கிற இலக்கு அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கும். எச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்ட் 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய் என்பது பரவலான அளவுகோல். ஆனால் நோய் உள்ள பெரியவர்களில் பலருக்கு டாக்டர் வைக்கிற இலக்கு 7க்குக் கீழே. வயதானவர், அடிக்கடி லோ சுகர் வருகிறவர் என்றால் 8 வரைகூட விடுவார்கள். ஆக 6.8 வாங்கியவர் கை தட்ட வேண்டிய இடத்தில் போர்ட்டல் சிவப்பு காட்டிப் பயமுறுத்துகிறது. போர்ட்டலுக்கு உங்களுக்கு வைத்த இலக்கு தெரியாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "எனக்கு எவ்வளவு இருந்தால் போதும்?" என்று கேட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதோடு ஒப்பிடுங்கள்.

எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, அதிலும் பாதியளவு கடைசி ஒரு மாதத்தின் பங்கு. அதனால் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. 0.1, 0.2 ஏறுவதும் இறங்குவதும் லேபின் இயல்பான வித்தியாசத்திலேயே அடங்கிவிடும், 7.0 போய் 7.1 ஆனதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போர்ட்டலில் முடிவுக்குப் பக்கத்தில் கிராஃப் பட்டன் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் பழைய முடிவுகளெல்லாம் கோடாக வரும். 7.9, 7.6, 7.3, 7.2 என்று வருகிறவரின் 7.2-ம், 6.4, 6.7, 7.0, 7.2 என்று வருகிறவரின் 7.2-ம் ஒன்றல்ல. கோட்டின் திசையைப் பாருங்கள், கடைசிப் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள்.

சராசரி என்பதால் ஒரு குறையும் உண்டு. ஒரு நாளில் 50க்கும் 300க்கும் இடையில் ஆடுகிறவருக்கும், நாள் முழுக்க 150 பக்கம் நிற்கிறவருக்கும் ஏறக்குறைய ஒரே எண் வரலாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் இந்த டெஸ்ட் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகிற நோய் இருந்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ பெரும்பாலும் குறைத்துக் காட்டும். வீட்டு மீட்டர் சொல்வதும் எச்பிஏ1சி சொல்வதும் ஒத்தே போகவில்லை என்றால் இதை ஒரு காரணமாக டாக்டரிடம் எடுத்துச் சொல்லலாம்.

அலகுகளில் புதியவர்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் மி.கி./டெ.லி. என்றும் சில நாடுகளில் மில்லிமோல்/லிட்டர் என்றும் எழுதுவார்கள். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மி.கி. வரும். இந்தக் கட்டுரையில் அலகு சொல்லாமல் வரும் ரத்தச் சர்க்கரை எண்களெல்லாம் மி.கி./டெ.லி. எச்பிஏ1சி சதவீதத்திலும் வரும், மில்லிமோல்/மோல் என்ற இன்னொரு அலகிலும் வரும், அதில் 7 சதவீதம் என்பது 53. இப்போது 7.2 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் மில்லிமோல் அலகில் 7.2 என்றால் 130 மி.கி. எச்பிஏ1சி 7.2 சதவீதம் என்றால் சராசரி சுகர் சுமார் 160 மி.கி. ஒரே எண், வேறு விஷயம். மீட்டர் ஒரு அலகிலும் போர்ட்டல் வேறு அலகிலும் இருந்தால், செட்டிங்கில் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் மெசேஜ் எழுதும்போது எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதுங்கள்.

சிறுநீரக டெஸ்ட்டுகளில் இரண்டு முக்கியம். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 30 மி.கி./கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி இவற்றால் தற்காலிகமாக ஏறும், அதனால் ஒரு முறை கூடியதை வைத்து முடிவு கட்டுவதில்லை, சில மாத இடைவெளிக்குள் மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். மற்றது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர், இது மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே நின்றால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் நிறுத்த வேண்டியிருக்கும். சில லேப் இதை எண்ணாகக் கொடுக்காமல் '60க்கு மேல்' என்று மட்டும் போட்டுவிடும், அப்படியிருந்தால் கிராஃப் வராது, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவைத்தான் பின்தொடர வேண்டும்.

முடிவு டாக்டருக்கு முன்னால் உங்கள் கைக்கே வந்துவிடலாம். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் முடிவு தயாரானதும் தாமதிக்காமல் நோயாளி பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. வேறு இடங்களில் டாக்டர் பார்த்து விடுவித்த பிறகுதான் வரும். உங்கள் மருத்துவமனையில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட் எழுதும்போதே "இதில் எதைத் தேடுகிறீர்கள், எந்த எண் வந்தால் நீங்களே கூப்பிடுவீர்கள்?" என்றும் கேளுங்கள். பதட்டப்படும் சுபாவம் உள்ளவர்கள் அறிவிப்பை அணைத்து வைத்துவிட்டு, மருத்துவமனையில் ஆள் இருக்கும் நேரத்தில் திறந்து பார்ப்பது நல்லது. வார இறுதியில் இரவு பதினொரு மணிக்குத் திறந்து பார்த்து யாரிடம் கேட்பீர்கள்?

வீட்டு அளவீடுகளை ஏற்றுவது

ப்ளூடூத் மீட்டரோ, கையில் ஒட்டும் சென்சாரோ இருந்தால், அதன் ஆப்பை மருத்துவமனையோடு இணைக்க ஒரு வழி இருக்கலாம். சாதாரண மீட்டர் என்றால் சில போர்ட்டல்களில் கையால் எண்களைப் போட ஒரு பக்கம் இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து மெசேஜில் இணைக்கலாம். எப்படியானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இதை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள்?" நிறையப் பேர் எண் ஏறிவிட்டது, அங்கே யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலான இடங்களில் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை அதை யாரும் திறப்பதில்லை. இரவு 45 என்று ஒரு எண்ணை ஏற்றிவிட்டு அழைப்பு வரும் என்று காத்திருக்கக் கூடாது.

மீட்டரின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். பேட்டரி மாற்றினாலோ நேர மண்டலம் தாண்டிப் பயணம் போனாலோ நேரம் தப்பிவிடும், அப்புறம் காலை வெறும் வயிற்று அளவு நள்ளிரவில் எடுத்ததாகப் பதிவாகி டாக்டரைக் குழப்பும். வெறும் வயிறு, சாப்பிடும் முன், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து என்ற குறிப்பு இல்லாத எண்ணால் பெரிதாகப் பயனில்லை. 170 என்பது சாப்பிட்ட பிறகு என்றால் பரவாயில்லை, காலையில் எழுந்ததும் என்றால் பேச வேண்டிய விஷயம். பலருக்கும் சொல்லப்படும் இலக்கு சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குக் கீழே.

எத்தனை முறை குத்திப் பார்ப்பது என்பது நீங்கள் எடுக்கும் மருந்தைப் பொறுத்தது, டாக்டர் சொல்வார். அதற்குள் ஒரு உத்தி: தினமும் காலையில் மட்டும் பார்ப்பதற்குப் பதில், ஒரே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஜோடியாகப் பாருங்கள். இன்று காலை உணவு, நாளை மதியம், மறுநாள் இரவு என்று மாற்றி மாற்றிச் செய்தால் குறைந்த ஸ்ட்ரிப்பில் நாள் முழுவதன் படமும் கிடைக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், பழம் தொட்ட விரலே எண்ணை ஏற்றிவிடும். மீட்டருக்கும் லேபுக்கும் வித்தியாசம் வந்தால் உடனே மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். மீட்டர்களுக்காக 2013-இல் வந்த ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரம் 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ அனுமதிக்கிறது, லேபில் 200 என்பது மீட்டரில் 170 என்றோ 230 என்றோ வந்தாலும் அது தரத்துக்குள்தான்.

மோசமான எண்களை அழித்துவிட்டு நல்லதை மட்டும் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் திட்டுவார் என்ற பயம்தான். ஆனால் மருந்தின் அளவை அவர் அந்தப் பொய்யான பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்வார்.

சென்சார் போட்டிருப்பவர்கள் ஒவ்வொரு நிமிட எண்ணையும் துரத்த வேண்டாம். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை, அதனால் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கும். 14 நாள் அறிக்கையைத் திறந்து, 70 முதல் 180 வரை எத்தனை சதவீத நேரம் இருந்தீர்கள் என்று பாருங்கள். பலருக்கும் இலக்கு 70 சதவீதத்துக்கு மேல், 70க்குக் கீழே போன நேரம் 4 சதவீதத்துக்குள்.

மெசேஜ் எழுதுவது

"டாக்டர், சுகர் கூடிவிட்டது, என்ன செய்வது?" இப்படி ஒரு மெசேஜ் போனால், எவ்வளவு, எப்போதிலிருந்து, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள், நீங்கள் பதில் போடுவீர்கள், இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். மெசேஜை முதலில் படிப்பது பெரும்பாலும் நர்ஸ் அல்லது உதவியாளர். அவர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு டாக்டரிடம் எடுத்துப்போகிற மாதிரி எழுத வேண்டும். உதாரணமாக:

"கடந்த 5 நாளாக மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து 230 முதல் 270 வரை (மி.கி./டெ.லி.) வருகிறது. முன்பு 150 முதல் 170தான். காலை வெறும் வயிற்றில் 115 முதல் 130, அதில் மாற்றமில்லை. மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலை, இரவு, விடாமல் எடுக்கிறேன். மூச்சிரைப்புக்காக வேறு டாக்டர் 6 நாள் முன்பு பிரட்னிசோலோன் தந்திருக்கிறார், தினமும் காலையில் எடுக்கிறேன், இன்னும் 4 நாள் உண்டு. காய்ச்சல், வாந்தி இல்லை. கேள்வி: அதுவரை சுகர் மருந்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா?"

பிரட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. காலையில் எடுக்கிற ஸ்டீராய்டு மதியமும் மாலையும்தான் சுகரை அதிகம் ஏற்றும், வெறும் வயிற்று அளவு ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அனுபவமுள்ளவர் இதைப் படித்ததுமே காரணத்தைப் பிடித்துவிடுவார். என்ன நடக்கிறது, முன்பு எப்படி இருந்தது, என்ன மருந்து, புதிதாக என்ன மாறியது, கடைசியில் ஒரே ஒரு கேள்வி. ஒரு மெசேஜில் சுகர், முழங்கால் வலி, இன்ஷூரன்ஸ் கடிதம் மூன்றையும் சேர்த்தால், பதில் ஒன்றுக்குத்தான் வரும். அதிலும் சுகருக்கு வராது.

அவசரத்துக்குப் போர்ட்டல் ஆகாது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பதில் வர ஓரிரண்டு வேலை நாள் ஆகலாம், விடுமுறை வந்தால் இன்னும் தள்ளிப்போகும். சுகர் 70க்குக் கீழே இறங்கினால் சர்க்கரை, குளுக்கோஸ் போல வேகமாக ரத்தத்தில் சேர்வதை 15 கிராம் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் திரும்பச் சாப்பிடுங்கள், மெசேஜ் எல்லாம் அப்புறம். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சுகர் அதிகமாக இருந்து வாந்தியும் வயிற்று வலியும், வேகமாக மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவு. எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை எடுப்பவர்களுக்கு, சுகர் பெரிதாக ஏறாமலேயே உடலில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து இதே நிலைமை வரலாம் என்பதால், எண்ணைப் பார்த்து அலட்சியப்படுத்தக் கூடாது. காலில் புண் வந்தால் போட்டோ எடுத்து மெசேஜில் போட்டுக் காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள்.

அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்னும் பின்னும்

ஒரு வாரத்துக்கு முன்னாலேயே போர்ட்டலைத் திறந்து, ரத்த டெஸ்ட் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். முடிவு கையில் இருந்தால் அந்த 15 நிமிடம் அதைப் பற்றிப் பேசுவதற்காகும், இல்லாவிட்டால் "டெஸ்ட் எடுத்துவிட்டு வாருங்கள்" என்பதோடு முடியும். முன்கூட்டி நிரப்பும் படிவம் இருந்தால் அதிலேயே உங்கள் கேள்வியை எழுதிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியவை எப்போது நடந்தன என்றும் தேடுங்கள்: விழித்திரைப் பரிசோதனை, காலில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் பார்ப்பது, மேலே சொன்ன சிறுநீரக டெஸ்ட்டுகள், கொழுப்பு அளவு. மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவர்கள் வைட்டமின் பி12 பார்த்திருக்கிறார்களா என்று கேட்கலாம், அந்த மருந்து அதைக் குறைக்கக்கூடியது. கண் பரிசோதனையை வேறு இடத்தில் செய்திருந்தால் இங்கே அது 'நிலுவை' என்றே காட்டிக்கொண்டிருக்கும், ரிப்போர்ட்டை ஏற்றிவிடுங்கள்.

பார்த்துவிட்டு வந்தபின் டாக்டரின் குறிப்பைப் படியுங்கள், அங்கே காதில் விழாதது பாதி அதில் இருக்கும். இப்படிக் குறிப்பை நோயாளிக்குக் காட்டலாமா என்று ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே பெரிய தயக்கம் இருந்தது. 2010-இல் அமெரிக்காவில் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் ஓபன்நோட்ஸ் என்ற பெயரில் ஒரு வருடம் காட்டிப் பார்த்தார்கள். முடிவில் நோயாளிகள் கிட்டத்தட்ட எல்லோரும் தொடர வேண்டும் என்றார்கள், டாக்டர்களில் ஒருவர்கூட நிறுத்தவில்லை. குறிப்பில் தவறு இருந்தால், உதாரணமாக மாத்திரையால் வயிற்றுப்போக்கு வந்ததால் நிறுத்தியதை 'மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எழுதியிருந்தால், தயங்காமல் திருத்தக் கேளுங்கள். அந்த வரியை அடுத்து வரும் ஒவ்வொரு டாக்டரும் படிப்பார்.

மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே ரீஃபில் கோரிக்கை போட்டுவிடுங்கள். இன்சுலினோடு ஊசி முனை, ஸ்ட்ரிப் எல்லாம் தனித்தனிக் கோரிக்கையாக இருக்கலாம், ஒன்றைப் போட்டால் மற்றதும் வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

பிரதி எடுத்து வைப்பது

இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு போர்ட்டல் இருக்கும், அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு டெஸ்ட்டுக்குப் பிறகும் பிடிஎஃப்பை இறக்கி, கோப்பின் பெயரில் வருடம், மாதம், டெஸ்ட்டின் பெயர் என்ற வரிசையில் போட்டுச் சேமியுங்கள், அப்போதுதான் தானாகவே தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளும். எல்லா விவரத்தையும் வேறொரு ஆரோக்கிய ஆப்புக்கு மாற்றித் தருகிறோம் என்று வரும் அழைப்புகளுக்கு அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம், மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும் ரகசியக் காப்பு விதிகள் அந்த ஆப்பையும் கட்டுப்படுத்தும் என்று சொல்ல முடியாது. "உங்கள் டெஸ்ட் முடிவு தயார்" என்று வரும் ஈமெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், போர்ட்டலின் ஆப்பையோ நீங்களே சேமித்து வைத்த முகவரியையோ திறந்து பாருங்கள், உண்மையில் முடிவு வந்திருந்தால் அங்கேயும் இருக்கும். மருத்துவமனை மாறுவதாக இருந்தால் பழைய கணக்கு மூடப்படும் முன் மருந்துப் பட்டியல், கடைசி இரண்டு வருட லேப் முடிவுகள், கண் பரிசோதனை ரிப்போர்ட், டாக்டர் குறிப்புகள் நான்கையும் இறக்கிக்கொள்ளுங்கள். சென்சார் அல்லது மீட்டரின் தரவு போர்ட்டலில் இல்லாமல் தனி ஆப்பில் மட்டும் இருக்கலாம், அதைத் தனியாக எடுக்க வேண்டும், போனை மாற்றும் முன்பும் அப்படியே.